குடைக்கடையும் ராணுவ அழைப்பாணையும்

ழாக் தெமி இயக்கி 1964 பிப்ரவரியில் பிரான்சில் வெளியான ‘ஷெர்பூரின் குடைகள்’ படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் வண்ணங்களையும், மிஷேல் லெக்ரானின் இசையையும், அப்போது இருபது வயதை எட்டிக்கொண்டிருந்த கத்ரீன் தெனவின் முகத்தையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். மூன்றும் புகழத் தக்கவையே. ஆனால் என் கணக்கில் இது ஒரு போர்ப்படம். போர்க்களத்தின் ஒரு காட்சியைக்கூடக் காட்டாத போர்ப்படம். அரசு ஓர் இளைஞனைக் கூப்பிட்டு அவன் வாழ்விலிருந்து இரண்டு ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளியில், யாரும் யாருக்கும் துரோகம் செய்யாமலேயே, இரண்டு பேருக்கு விதிக்கப்பட்டிருந்ததாகத் தோன்றிய வாழ்க்கை வேறு நான்கு பேரின் வாழ்க்கையாகப் பிரிந்துவிடுகிறது. அந்தக் களவை, குரலை உயர்த்தாமல், ஒன்றரை மணி நேரத்தில் தெமி சொல்லி முடிக்கிறார்.

கதை மிகச் சிறியது. 1957 நவம்பர். பிரான்சின் வடமேற்கே, ஆங்கிலக் கால்வாயைப் பார்த்தபடி இருக்கும் ஷெர்பூர் துறைமுக நகரில், கார் பழுதுபார்க்கும் கராஜில் வேலை செய்யும் கீ என்பவனும், தாயின் குடைக்கடையில் வளரும் பதினேழு வயது ழெனவியேவும் காதலிக்கிறார்கள். அவனுக்குக் கட்டாய ராணுவ சேவைக்கான அழைப்பு வருகிறது. புறப்படுவதற்கு முந்தைய இரவில் இருவரும் சேர்கிறார்கள். அவன் போன பிறகு தான் கருவுற்றிருப்பது அவளுக்குத் தெரிகிறது. கடிதங்கள் குறைகின்றன. நகை வணிகர் ரொலான் கஸார் அவளை விரும்புகிறார். குழந்தையைத் தன் குழந்தையாக ஏற்கிறேன் என்கிறார். அவள் அவரை மணந்து பாரிஸ் போகிறாள். காலில் காயத்தோடு கீ திரும்பிவருகிறான். புறப்பாடு, இல்லாமை, திரும்புதல் என்று படமே தன்னை மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பெயரிட்டுக்கொள்கிறது. முடிவில் 1963 டிசம்பரில் நடக்கும் ஒரு பின்னுரை.

படத்தில் ஒரு சொல்கூடப் பேசப்படுவதில்லை, எல்லாமே பாடப்படுகிறது. பாட்டு வந்தால் கதை சற்று ஒதுங்கி நின்று வழிவிடும் என்று பழகிய நம் காதுக்கு இது முதல் பத்து நிமிடங்கள் விசித்திரமாகவே இருக்கும். இங்கே தனித்தனிப் பாடல்கள் என்று பிரித்தெடுக்க முடிந்தவை குறைவு. கார் எஞ்சினில் கேட்கும் சத்தத்தைப் பற்றி வாடிக்கையாளரிடம் சொல்வதும், தபால்காரரிடம் கடிதம் வாங்குவதும், வரிப் பாக்கியைப் பற்றிக் கவலைப்படுவதும், எந்தப் பெட்ரோல் போடட்டும் என்று கேட்பதும் ஒரே இசையோட்டத்தில் வருகின்றன. தெமிக்கே இதில் ஒரு குறும்பு இருக்கிறது. தொடக்கத்தில் கராஜ் தொழிலாளிகள் கை கழுவிக்கொண்டு மாலைத் திட்டங்களைப் பேசும்போது, கீ தான் ஓப்பராவுக்குப் போவதாகச் சொல்ல, உடன் வேலை செய்பவன் தனக்கு ஓப்பரா ஒத்துவராது, எல்லோரும் பாடிக்கொண்டே இருப்பது எரிச்சலாக இருக்கிறது, சினிமாதான் பிடிக்கும் என்கிறான். இதையும் அவன் பாடித்தான் சொல்கிறான்.

பின்னணிக் குரல் நமக்குப் புதிதில்லை. ழெனவியேவாக நடித்த தெனவுக்கு தானியல் லிகாரியும், கீயாக நடித்த இத்தாலியர் நினோ கஸ்தெல்நுவோவுக்கு ழொசே பார்தெலும் பாடினார்கள். இசையும் பாட்டும் முழுவதுமாக முதலில் பதிவாகிவிட்டன. 1963 கோடையில் தொடங்கிய படப்பிடிப்பில் நடிகர்கள் அந்தப் பதிவுக்கு உதடசைத்தார்கள். இதன் விளைவு ஒன்று அதிகம் கவனிக்கப்படுவதில்லை. ஒரு பெருமூச்சுக்கு எத்தனை விநாடி, ஒரு தயக்கத்துக்கு எத்தனை விநாடி என்பது கேமரா ஓடத் தொடங்கும் முன்பே தீர்மானமாகிவிட்டது. நடிகர் விரும்பினாலும் ஒரு மௌனத்தை நீட்ட முடியாது. காதலர்கள் இன்னும் சற்று நேரம் கேட்கிற கதையில், அவர்களுக்கான நேரம் வேறெங்கோ முன்கூட்டியே அளந்து வைக்கப்பட்டிருப்பது கதையின் பொருளோடு பொருந்திப்போகிறது.

கீ போகுமிடம் அல்ஜீரியா, அப்போது பிரான்சிடமிருந்து விடுதலை கேட்டுப் போராடிக்கொண்டிருந்த வட ஆப்பிரிக்க நாடு. 1954 நவம்பர் 1 அன்று தொடங்கி, 1962 மார்ச்சில் எவியான் உடன்படிக்கையோடு ஓய்ந்த அந்தப் போரைப் பிரெஞ்சு அரசு போராகவே ஒப்புக்கொள்ளவில்லை. அல்ஜீரியா பிரான்சின் நிலப்பகுதி, ஆகவே அங்கு நடப்பது ஒழுங்கை நிலைநாட்டும் நடவடிக்கை என்பது அதன் நிலைப்பாடு. நடந்தது போர்தான் என்று சட்டத்தின் வழியே ஏற்க நாடாளுமன்றத்துக்கு 1999 அக்டோபர் வரை ஆயிற்று. ஆனால் அங்கு அனுப்பப்பட்ட கட்டாய சேவை இளைஞர்கள் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல். சட்டப்படி 18 மாதமாக இருந்த சேவைக்காலம் நடைமுறையில் இரண்டு ஆண்டுகளையும் தாண்டி நீண்டது. ஊரில் ஒவ்வொரு தெருவிலிருந்தும் யாரோ ஒருவன் போயிருந்தான். ஆனால் எங்கே, எதற்கு என்று சத்தமாகப் பேச இடமில்லை. ழான் லுக் கொதார் இந்தப் போரைத் தொட்டு 1960இல் எடுத்த ‘சின்னச் சிப்பாய்’ படம் 1963 வரை தடையில் கிடந்தது. தெமி படமெடுக்கத் தொடங்கியபோதுதான் கதவு சற்றுத் திறந்திருந்தது. அவர் அல்ஜீரியா என்ற பெயரை ஒளிக்கவில்லை. மாதத்தையும் ஆண்டையும் திரையில் எழுதிக் காட்டுகிறார். இனிப்புப் பண்டம் போன்ற படம் என்று சொல்லப்படும் ஒன்றில் இத்தனை தேதிகள் எதற்கு என்று கேட்டுப் பார்த்தால் படத்தின் உள்நோக்கம் புரியும்.

1955லும் 1956லும், சேவை முடித்து வீடு திரும்பியிருந்தவர்களை அரசு மீண்டும் அழைத்தபோது, அவர்கள் ரயில் நிலையங்களில் கிளர்ச்சி செய்தார்கள், ரயில்களை மறித்தார்கள். 1957 முடிவில் அந்த எதிர்ப்பு தணிந்துவிட்டது. கீயும் எதிர்ப்பதில்லை. அழைப்பு வந்தது, போக வேண்டும், இரண்டு ஆண்டு, அவ்வளவுதான். படத்தில் என்னை மிகவும் உறுத்துவது இந்த இணக்கம். ழெனவியேவ் அழுகிறாள், உன்னை விட்டு வாழ மாட்டேன் என்கிறாள், ஒளித்துவைக்கிறேன் என்றுகூடச் சொல்கிறாள். இந்தப் போர் நியாயமா என்று கேட்க இருவருக்குமே தோன்றுவதில்லை. மழையைப் போல அதுவும் மேலிருந்து வருகிற ஒன்று.

மழையைப் பற்றி ஒரு சிறு விலகல். நம் முல்லைத் திணையில் பாசறைக்குப் போன தலைவன் கார்காலத்தில் திரும்புவான். முதல் மழையே அவன் வரவுக்கு அறிகுறி. ஷெர்பூரில் எப்போதும் மழை பெய்துகொண்டே இருக்கிறது. அதனால் அங்கே மழை எதற்கும் அறிகுறியாவதில்லை, குடை விற்பதைத் தவிர.

இரண்டாம் பகுதியில் கீ திரையில் இல்லை. ஒரு கடிதத்தின் குரலாக மட்டுமே வருகிறான். ரோந்து சென்ற குழு பதுங்கித் தாக்கப்பட்டதையும் சிலர் இறந்ததையும் சொல்லிவிட்டு, வெயிலும் சாவும் இங்கே சேர்ந்தே பயணம் செய்கின்றன என்ற பொருளில் ஒரு வரி எழுதுகிறான். முழுப் படத்திலும் போர் நேரடியாக நுழையும் இடம் கிட்டத்தட்ட இது ஒன்றுதான். ழெனவியேவின் சிக்கல் அவன் மறந்துவிட்டானா என்பதைவிட ஆழமானது. தன் நினைவில் அவன் முகம் மங்கிக்கொண்டு வருவதை அவளே பார்க்கிறாள். அவனுக்காகச் செத்துப்போவேன் என்று நினைத்தேனே, இன்னும் ஏன் சாகவில்லை என்று அவள் கேட்பது தன்னைத் தானே வியந்து கேட்கும் கேள்வி. காதலால் சாவது சினிமாவில்தான் நடக்கும் என்று முன்பே தாய் சொல்லியிருக்கிறாள். அந்த வரியைப் பாடிக்கொண்டே சொல்லும் ஒரு சினிமாவில், அது உண்மையாகிறது.

தாய் மதாம் எமெரியை வில்லியாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒப்புதல் இல்லை. கணவன் துணையின்றிக் கடை நடத்துகிறவள். வரிப் பாக்கி கழுத்தை நெரிக்கிறது. முத்துமாலையை விற்க நகைக்கடைக்குப் போகிறாள். அங்கேதான் கஸாரைச் சந்திக்கிறாள். மகள் கருவுற்றிருப்பது தெரிந்ததும் 1958ஆம் ஆண்டின் சிறு நகரத்தில் அதற்கு என்ன விலை என்று அவளுக்குத் தெரியும். அவள் மகளைத் தள்ளுவதில்லை, சாய்க்கிறாள். தானும் அந்த நல்ல மனிதர்மீது சற்று மயங்கியிருக்கிறாள் என்பதை ஆன் வெர்னோன் தன் நடிப்பில் நகைச்சுவையாகக் காட்டிவிடுகிறார். தெமியின் பாத்திரங்கள் கனவில் மிதப்பவர்கள் என்பார்கள். இந்தப் படத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பணப் பரிமாற்றம் இருக்கிறது: வரி, மாலை, கல்யாணம், பின்னர் கீக்கு அவன் அத்தையிடமிருந்து வரும் சொத்து, அதில் வாங்கிய பெட்ரோல் நிலையம். பாட்டு அந்தக் கணக்கை மறைப்பதில்லை.

ரொலான் கஸாரை அறிந்துகொள்ள தெமியின் முதல் முழுநீளப் படமான ‘லோலா’வை (1961) பார்த்திருக்க வேண்டும். அதில் இதே கஸார், இதே நடிகர் மார்க் மிஷேல், நான்த் நகரில் லோலாவைக் காதலித்துத் தோற்கிறார். ஏனெனில் தன்னை விட்டுப் போன ஒருவனுக்காக அவள் ஏழு ஆண்டுகளாகக் காத்திருக்கிறாள். அந்தக் கதையில் காத்திருப்பு வெல்கிறது. போனவன் பெரிய வெள்ளைக் காரில், பணக்காரனாகத் திரும்பி வருகிறான். ஆக ஒரு பெண்ணின் காத்திருப்பால் எல்லாவற்றையும் இழந்த மனிதர், மூன்று ஆண்டு கழித்து வந்த இந்தப் படத்தில் இன்னொரு பெண்ணின் காத்திருக்க முடியாமையால் வாழ்வு பெறுகிறார். அவர் தன் பழைய காதலைச் சொல்லும்போது, நான்த்தின் பசாழ் பொம்ரே அங்காடித் தெரு ஆளற்றுக் காட்டப்படுகிறது. ‘லோலா’வின் இசையும் கூடவே வருகிறது. இதைக் கவனித்தால் கஸார் காதலைப் பணத்தால் வாங்குகிறவராகத் தெரிய மாட்டார். போரே இல்லாத கதையில் அவர் இன்னொரு கீ. மூன்று ராஜாக்கள் என்ற கிறிஸ்தவத் திருநாளின் கேக்கில் ஒளித்த பொருள் யாருக்குக் கிடைக்கிறதோ அவர் கிரீடம் சூடித் தன் ராஜாவையோ ராணியையோ தேர்ந்தெடுப்பது வழக்கம்; அது ழெனவியேவுக்குக் கிடைத்து, காகிதக் கிரீடத்தோடு அவள் அவரைத் தன் ராஜா என்கிறாள். தனக்கு வேறு வழி இருக்கிறதா என்ற கேள்வியும் அந்த விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

வண்ணங்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் நியாயமாகாது. கலை இயக்குநர் பெர்நார் எவேனின் சுவர்த்தாள்களும் ழாக்லின் மொரோவின் ஆடைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. பூப்போட்ட சுவருக்கு முன் பூப்போட்ட ஆடையில் ழெனவியேவ் நிற்கும்போது அவளும் அந்த வீட்டின் பொருளாகிவிடுகிறாள். இவ்வளவு வண்ணத்தை ஏற்றிய ஈஸ்ட்மன்கலர் படச்சுருள் காலப்போக்கில் வெளிறக்கூடியது, வெளிறவும் செய்தது. வண்ணங்களைத் தனித்தனியே பிரித்துக் கறுப்பு வெள்ளைப் படிகளாகத் தெமி பாதுகாத்து வைத்திருந்ததால்தான், 1990இல் அவர் இறந்த பிறகு, அவருடைய மனைவியும் தானே பெரிய இயக்குநருமான ஆக்னஸ் வர்தாவால் படத்தை மீட்டெடுக்க முடிந்தது. நாம் இன்று பார்ப்பது அந்த மீட்பின் பலன்.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது மூன்றாம் பகுதியை. காதல் கதையாக மட்டும் எடுத்திருந்தால் கல்யாணத்தோடு முடித்திருக்கலாம். சிப்பாயின் கதையாக இருப்பதால் அவன் திரும்பிய பிறகும் படம் ஓட வேண்டியிருக்கிறது. 1959இல் கீ நொண்டியபடி வருகிறான். குடைக்கடை கைமாறிவிட்டது. நடந்ததை எலீஸ் அத்தை சொல்கிறாள். பழைய கராஜில் மீண்டும் சேர்கிறான். ஆனால் ஒழுங்காக வேலை செய்ய முடியவில்லை, எரிந்து விழுகிறான், முதலாளியோடு சண்டையிட்டு வெளியேறுகிறான். குடிக்கிறான். ஓர் இரவு ஒரு பாலியல் தொழிலாளியோடு போகிறான். அவள் பெயரும் ழெனவியேவ். மறுநாள் காலை வீடு வந்தால் அத்தை இறந்து கிடக்கிறாள்.

இந்தச் சரிவுக்குக் காதல் தோல்வி மட்டுமே காரணம் என்று படிக்க முடியும். படம் அப்படிப் படிப்பதைத் தடுக்கவில்லை. ஆனால் நடிப்பைக் கவனித்தால் வேறொன்று தெரிகிறது. அவன் கோபப்படுவது ழெனவியேவ்மீது குறைவு. வேலை, ஒழுங்கு, அதிகாரம் செய்யும் குரல் ஆகியவற்றின்மீதுதான் அதிகம். அல்ஜீரியாவில் என்ன செய்தான், என்ன பார்த்தான் என்பதைப் பற்றி ஓரிரு வார்த்தைகளுக்கு மேல் அவன் யாரிடமும் சொல்வதில்லை. யாரும் கேட்பதும் இல்லை. அந்தப் போரிலிருந்து திரும்பியவர்களில் ஒரு தலைமுறையே குடும்பத்துக்குள் வாய் திறக்காமல் பல ஆண்டுகள் வாழ்ந்தது என்பது பின்னர் வெளிவந்த செய்தி. 1964லேயே அந்த வாய்மூடலைத் தெமி பதிவு செய்துவிட்டார். இது எல்லாமே பாடப்படும் படம் என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், ஒரு விஷயம் மட்டும் பாடப்படாமல் விடப்பட்டிருப்பது தற்செயலாகத் தெரியவில்லை.

ஆனாலும் இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். இந்தப் போரில் இறந்த அல்ஜீரியர்கள் லட்சக்கணக்கானவர்கள். படத்தில் ஓர் அல்ஜீரியர்கூட இல்லை. அந்த நாடு ஒரு புகைப்படமாகவும் கடிதத்தில் வரும் வெயிலாகவும் மட்டும் இருக்கிறது. ஷெர்பூர் மக்களுக்கு அது அப்படித்தான் தெரிந்தது, தெமி அவர்கள் கண்ணால் பார்க்கிறார் என்று வாதிடலாம். அந்த வாதத்தில் பாதி உண்மை உண்டு. பார்வை குறுகியது என்பதைப் படம் ஏதோ ஓரிடத்தில் உணர்த்தியிருந்தால் மீதிப் பாதியும் கிடைத்திருக்கும்.

அத்தையைக் கவனித்துக்கொண்டிருந்த மத்லேன் தொடக்கத்திலிருந்தே கீயை விரும்புகிறவள். அவள் காதலைச் சொல்வதில்லை, அவன் கவனிப்பதும் இல்லை. அத்தையின் மறைவுக்குப் பிறகு அவனைத் தூக்கி நிறுத்துவது அவள்தான். அதையும் கண்ணீரால் செய்வதில்லை, நீ இப்போது இருக்கும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதால் செய்கிறாள். அவன் திருமணம் கேட்கும்போது, இன்னும் அவளை நினைக்கிறாயா, விரக்தியில் கேட்கிறாயா என்று கேட்கிறாள். படத்தில் ஒருவர் இன்னொருவரிடம் கேட்கும் மிக நேர்மையான கேள்வி அது. உன்னோடு சந்தோஷமாக வாழ விரும்புகிறேன் என்பது அவன் பதில். மத்லேனுக்கு லெக்ரான் பெரிய மெட்டு எதையும் ஒதுக்கியதாக என் காதுக்குப் படவில்லை. ரசிகர்களும் அவளை அதிகம் நினைப்பதில்லை. அவள் இல்லாவிட்டால் கீயின் கதை சாராயக் கடையிலேயே முடிந்திருக்கும்.

இனி அந்தப் பெட்ரோல் நிலையம். முதல் பகுதியில் காதலர்கள் எதிர்காலத்தைக் கற்பனை செய்யும்போதே அது பேச்சில் வருகிறது. உன்மேல் பெட்ரோல் வாடை வீசுகிறது என்று அவள் சொல்ல, அதுவும் ஒரு வாசனைத் திரவியம்தான் என்று அவன் சிரிக்கிறான். தெமியின் தந்தை நான்த்தில் கராஜ் வைத்திருந்தவர். மகனும் அந்தத் தொழிலுக்கே வர வேண்டும் என்று விரும்பியவர். எண்ணெய்க் கறை படிந்த கைகளை இந்த இயக்குநர் இத்தனை மரியாதையோடு காட்டுவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

1963 டிசம்பர், கிறிஸ்துமஸ் காலம், பனி. மத்லேனும், அவளுக்கும் கீக்கும் பிறந்த சிறுவன் பிரான்சுவாவும் வெளியே போயிருக்கும் நேரத்தில், ஒரு மெர்சிடிஸ் வந்து கீயின் எஸ்ஸோ நிலையத்தில் நிற்கிறது. உள்ளே ழெனவியேவ், பக்கத்தில் அவளுக்கும் கீக்கும் பிறந்த மகள் பிரான்சுவாஸ். தாய் இறந்துவிட்டாள் என்கிறாள். குழந்தை உன்னைப் போலவே இருக்கிறாள், பார்க்கிறாயா என்று கேட்கிறாள். அவன் தலையசைத்து மறுக்கிறான். நீ போகலாம் என்று நினைக்கிறேன் என்கிறான். நலமாக இருக்கிறாயா என்று அவள் கதவருகே திரும்பிக் கேட்க, மிகவும் நலம் என்கிறான்.

பெற்ற மகளைப் பார்க்க மறுப்பது கல்நெஞ்சம் என்று என்னோடு வாதிட்டவர்கள் உண்டு. கீ பழிவாங்குகிறான் என்றும் சொல்வார்கள். பழிவாங்குகிறவன் மிகவும் நலம் என்று சொல்லும் குரல் இப்படி இருக்காது. மத்லேன் கேட்ட கேள்விக்கு அவன் ஒரு முறை பதில் சொல்லியிருக்கிறான்; அந்தப் பதிலை மெய்யாக்கும் வேலையை நாலைந்து ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறான். காரில் இருக்கும் குழந்தையைப் பார்த்தால், பார்த்த பிறகு என்ன செய்வது? அவளுக்கு ஒரு தகப்பன் பாரிஸில் இருக்கிறார், நல்லவர். மூன்று நிமிடப் பார்வையால் யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைக்காது. இரண்டு வீடுகளுக்குள் ஒரு ரகசியம் மட்டும் நுழையும். வெளியான அன்று அரங்கில் அமர்ந்திருந்தவர்களுக்கு இந்தக் காட்சியின் தேதி இரண்டு மாதத்துக்கு முந்தையது. போர் முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. அதே மாதிரி ஒரு முடிவை எடுத்துவிட்டு, அதைப் பற்றி வீட்டில் பேசாமல் படம் பார்க்க வந்தவர்கள் அங்கே எத்தனை பேரோ. அந்த ஆண்டின் கான் திரைப்பட விழாவில் உயர்ந்த பரிசு இதற்குத்தான் கிடைத்தது. பிரெஞ்சு ரசிகர்களும் திரண்டு வந்தார்கள். அழகிய படத்துக்கு வந்த கூட்டம் என்று மட்டும் அதை என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பார்க்க நினைப்பவர்கள் முடிந்தால் கறுப்பு வெள்ளை ‘லோலா’வை முதலில் பாருங்கள், கஸார் குடைக்கடைக்குள் நுழையும்போது அவர் எங்கிருந்து வருகிறார் என்று தெரிந்திருக்கும். வெளிறிய பழைய பிரதிகளைத் தவிர்த்து, மீட்டெடுக்கப்பட்ட பதிப்பைத் தேடிப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் எல்லோரும் பாடுவது எரிச்சலாக இருந்தால் கவலை வேண்டாம், கராஜில் கை கழுவிய அந்த ஆளுக்கும் அப்படித்தான் இருந்தது.